கெட்டி என்று பேர் எடுத்தவள்

உங்களையெல்லாம் சின்ன வயதில் எந்த ஒரு சொல்லைச் சொல்லி வளர்த்தார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் என்னோடு நடக்க வருகிற பெண்களிடம் போன வாரம் இதைக் கேட்டேன். எல்லாருமே பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஒருத்தி 'வாயாடி' என்றாள். ஒருத்தி 'கருப்பி' என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. என் முறை வந்தபோது 'கெட்டி' என்றேன். அட, நல்ல பேர்தானே, கொடுத்து வைத்தவள் என்று ஒரே குரலில் சொன்னார்கள். நல்ல பேர்தான். அந்த நல்ல பேர் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் இருட்டிவிட்டது, மூட்டு வலிக்காரி ஒருத்தி வீட்டுக்குப் போகலாம் என்று அவசரப்படுத்தினாள். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

கெட்டி என்பது நம் பக்கத்தில் சும்மா வாயில் வருகிற சொல் இல்லை. தயிர் கெட்டியாக இருந்தால் அந்த வீட்டு மாட்டுக்கு மரியாதை. சட்னி கெட்டியாக இருந்தால் விருந்தாளிக்கு மரியாதை. கம்மல் வாங்கப் போனால் கெட்டிக் கம்மலா, உள்ளே அரக்கு அடைத்ததா என்று நகத்தால் தட்டிப் பார்ப்பார்கள். லாரியில் அடிபடாமல் தப்பித்தவனை 'ஆயுசு கெட்டிடா உனக்கு' என்பார்கள். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், தேங்காயைத் தட்டிப் பார்ப்பார்கள், பானையைத் தட்டிப் பார்ப்பார்கள். பிள்ளைகளை மட்டும் யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் யாராவது சொல்லிவிடுவார்கள், அது ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு அது ஒட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் ஊர் கீரப்பாளையத்துக்குப் பக்கம். வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழுந்ததால் எனக்குக் காது குத்துவது தள்ளிக்கொண்டே போய், கடைசியில் என் தங்கையோடு சேர்த்து ஒரே செலவாக முடித்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். குலதெய்வக் கோயில் வேப்பமரத்தடியில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவது வழக்கம். என் அம்மாவுக்கு ஒரே தம்பி, அவர்தான் எங்களுக்கு மாமா. கடலூரிலிருந்து சீர்த்தட்டும் புது வேட்டியுமாக வந்திருந்தார்.

முதலில் தங்கை. தங்கையை எல்லாரும் பூஞ்சை என்பார்கள். பிறந்ததிலிருந்தே நோஞ்சான், நெஞ்சில் எப்போதும் சளி. ஆசாரி ஊசியை எடுத்ததுமே அவள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தது. ஒரு காது முடிவதற்குள் மாமாவின் விரலைக் கடித்துவிட்டாள், ரத்தம் வந்துவிட்டது. மாமா சூடு கண்ட பூனை. அடுத்து நான் மடியில் உட்கார்ந்ததும் சீர்த்தட்டிலிருந்து ஒரு அச்சு வெல்லத்தை எடுத்து, முழுசாக, உடைக்காமல், என் வாயில் திணித்துவிட்டார். வாய் கொள்ளவில்லை. கடிக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஊசி இறங்கியபோது எனக்கு உயிர் போனது. அலறத்தான் பார்த்தேன், எங்கே அலறுவது? துப்பலாம் என்றால் மாமாவின் புது வேட்டி. அது போக, வெல்லத்தைத் துப்ப எந்தக் குழந்தைக்கு மனசு வரும்? அது கரைந்து வாய்க்கு வழி கிடைத்தபோது இரண்டு காதும் முடிந்து மஞ்சள் வைத்தாகிவிட்டது. அதற்குள் கூடியிருந்தவர்கள் ஆளாளுக்கு என் கன்னத்தை வழித்து, 'ஒரு சொட்டுக் கண்ணீர் உடல பாரு, என்னா கெட்டி' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பாராட்டு வாங்கின பிறகு எப்படி அழுவது? வெல்லத்தை யாருமே கணக்கில் எடுக்கவில்லை. திணித்த மாமாகூட மறந்துபோய், எம்மருமவ கெட்டி என்று கோயில் வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

அது ஆவணி. ஐப்பசியில் மழை பிடித்தது. நட்ட வயல் தண்ணீருக்குள் போய், தண்ணீர் வடிந்தபோது சேறுதான் மிச்சம். அப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்து யாரிடமும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா மடியில் தம்பி, கைக்குழந்தை. தங்கைக்கு மூச்சிழுப்பு. மண் குதிருக்குள் அம்மா கையை விட்டு அரிசி அள்ளும்போது சொரசொரவென்று அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, அரிசி டப்பாவைக் காலியாகவே விடமாட்டேன்.

மாமா வந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளையை என்னோடு அனுப்பு அக்கா, நிலம் ஒரு வழிக்கு வருகிற வரைக்கும் நான் வைத்துக்கொண்டு படிக்க வைக்கிறேன் என்றார். எதை அனுப்புவது என்று அடுப்படியில் பேச்சு நடந்தது. பேச்சு என்ன பேச்சு, பெரியம்மாவும் பக்கத்து வீட்டுக்காரம்மாவும் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். சின்னது பூஞ்சை, அம்மாவை விட்டால் செத்துப்போகும். பெரியது கெட்டி, எங்கே விட்டாலும் பொழச்சிக்கும். அம்மா அடுப்பில் சுள்ளியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று, அம்மா 'வேணாம்' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து போய் என் பாவாடைகளை மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்தாள்.

தேவனாம்பட்டினம் போகிற சாலையில் மாமாவுக்கு வலை, கயிறு விற்கிற கடை. கடைக்குப் பின்கட்டில் வீடு. வீடு முழுக்கப் புதுக் கயிற்று வாசனையும் தாரெண்ணெய் வாசனையும். நைலான் நூல் புதுசாக வந்திருந்த காலம். பருத்தி நூலில் பழகியிருந்த குப்பத்துக்காரர்களுக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறதே, கெட்டியாக இருக்குமா என்று இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். மாமா வியாபாரி, சும்மா விடுவாரா? விட்டத்தில் கயிற்றைக் கட்டி என்னைத் தூக்கி அதில் தொங்கவிடுவார். "கயிறும் கெட்டி, தொங்கறதும் கெட்டி. எங்க அக்கா பொண்ணு, காது குத்தும்போது கண்ணுல தண்ணி வரல, கேட்டுப் பாருங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மீன் விற்கிற ஒரு அம்மாள் மட்டும் என்னைக் கீழே இறக்கிவிட்டு, உள்ளங்கை சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தன் கூடையிலிருந்து ஒரு கை நெத்திலியை இலையில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். நானும் இறங்கி நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு வியாபாரம் நடந்தது.

மாமாவையும் அத்தையையும் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அத்தை எனக்குத் தலை வாரி, தினமும் காதில் மஞ்சளும் எண்ணெயும் வைத்து, மீனில் முள் எடுத்து ஊட்டினாள். ஆனால் அவள் அம்மா இல்லையே. அம்மாவின் புடவை முந்தானையில் வெந்தய வாசம் அடிக்கும். அத்தையின் புடவையில் சோப்பு வாசம். மத்தியானம் அத்தை கண்ணயர்ந்தபோது அஞ்சறைப் பெட்டியிலிருந்து வெந்தயத்தை எடுத்து என் பாவாடை ஓரத்தில் முடிந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். அத்தை அதைத் துவைக்கும்போது கண்டுபிடித்து, பசி போலிருக்கிறது, தின்ன எடுத்திருக்கிறாள் என்று மாமாவிடம் சொல்லி, மறுநாளிலிருந்து எனக்குப் பொரி உருண்டை வாங்கி வைத்தாள். பாவம், நல்ல மனுஷி.

ஊருக்குப் போக ஒரே வழி, நான் கெட்டி இல்லை என்று காட்டுவதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தங்கைக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா பக்கத்தை விட்டு நகரமாட்டாள். எனவே எனக்கும் காய்ச்சல் வர வேண்டும். அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டால் உடம்பு சுடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொன்னாள். வைத்துக்கொண்டு பாடம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் வரவில்லை, நாற்றம்தான் வந்தது. பிறகு ஒரு நாள் அடைமழையில் கொல்லைப்புறத்தில் போய் நின்றேன். அத்தை துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து என்னை இழுத்தாள், நான் கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். மறுநாள் அத்தைக்குத்தான் காய்ச்சல் வந்தது. நான் கல்லு மாதிரி பள்ளிக்கூடம் போனேன். மாமா அதையும் கடையில் வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். நான் என்ன செய்தாலும் அந்தப் பேருக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

மார்கழியில் ஊரில் எங்கள் தெருக்காரர் ஒருவர் கடைக்குக் கயிறு வாங்க வந்தார். அம்மா திருவாதிரைத் தரிசனத்துக்குச் சிதம்பரம் வருகிறாள், பிள்ளையைக் கூட்டிவந்து காட்டச் சொன்னாள் என்றார். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட வேண்டும். சும்மா கண்ணைக் கசக்கினால் போதாது, தங்கை அழுகிற மாதிரி, காக்கை பறக்கிற மாதிரி அழ வேண்டும். அப்படி அழுதால் கூட்டத்தில் நாலு பேர் பார்ப்பார்கள், அம்மாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி இருக்காது. கிணற்றடியில் யாரும் இல்லாதபோது வாயைத் திறந்து பழகிக்கூடப் பார்த்தேன்.

திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினோம். கரி வண்டி. ஆலப்பாக்கம் தாண்டும்போது என் கண்ணில் கரித்தூள் விழுந்தது, மாமா வேட்டி நுனியை வாயால் ஊதிச் சூடாக்கி ஒற்றி எடுத்தார். சிதம்பரத்தில் தலைக்கு மேல் தலை. சங்குச் சத்தம், பூ விற்கிறவர்களின் சத்தம், சாமந்தியும் வியர்வையும் கலந்த வாசம். மாமா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கீழவீதியில் தேர் நிலைக்குப் போனார். அங்கேதான் அம்மா நிற்பதாகச் சொல்லியிருந்தாள்.

நின்றாள். இடுப்பில் தம்பி, கையில் பித்தளைத் தூக்கு. தங்கை வரவில்லை, இழுப்பு அதிகம் என்று அப்பாவோடு விட்டுவந்திருந்தாள். எப்படி இளைத்துப்போயிருந்தாள் தெரியுமா! தோள் எலும்பு ரவிக்கைக்கு மேல் முட்டிக்கொண்டு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் என் காதைத்தான் தொட்டுப் பார்த்தாள், புண் ஆறிவிட்டதா என்று. பிறகு தலையை மோந்து பார்த்தாள். கடல் வாசம் அடிக்கிறது என்றாள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். வெந்தய வாசம் அப்படியே இருந்தது.

தேர் நிலைக்கு எதிரே ஒரு வீட்டு நிழலில் உட்கார்ந்தோம். பேசிக்கொண்டேயிருந்தார்கள். அப்பா எழுந்து நடமாடுகிறார், மறுபடி விதைக்கு நெல் கேட்டிருக்கிறார், சின்னவளுக்குச் சிதம்பரத்து டாக்டர் மருந்து. என் பேச்சு வரவேயில்லை. ரயிலுக்கு நேரமாகிறது அக்கா என்று மாமா எழுந்தார். இதுதான் சமயம். எனக்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை, அழுகை தானாகவே ஏறிக்கொண்டு வந்தது. முந்தானையை இறுக்கிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

அம்மா தூக்கைத் திறந்து, ஒரு கை களியை உருட்டி, என் வாயில் வைத்துவிட்டாள்.

திருவாதிரைக்கு ஒரு வாய் களி என்பார்கள். அது ஒரு வாய் இல்லை, மூன்று வாய்க்கு இருந்தது. வறுத்த அரிசியும் வெல்லமும் நெய்யும். அதைச் செய்ய அந்த வீட்டில் எங்கே வெல்லம் கிடைத்தது என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன். அன்றைக்கு மென்றேன். விழுங்குவதற்குள் இன்னொரு உருண்டை. அதையும் விழுங்குவதற்குள் மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டார். அம்மா என் விரல்களை முந்தானையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"எம்பொண்ணு கெட்டிடா. கண்ணுல தண்ணி இல்ல பாத்தியா. இட்டுக்கினு போ" என்றாள் மாமாவிடம்.

தோளில் இருந்தபடி திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தில் தூக்கு மட்டும் கொஞ்ச நேரம் பளபளத்தது. ரயிலில் பரங்கிப்பேட்டை வருவதற்குள் வாயில் இனிப்பு தீர்ந்துபோனது, அப்புறம்தான் கண்ணீர் வந்தது. மாமா மறுபடியும் கரித்தூளா என்று கேட்டு, வேட்டி நுனியை ஊத ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நான் ஊருக்கு விருந்தாளியாகத்தான் போனேன். படித்தது, டெலிபோன் எக்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் கடலூரில்தான். என்னோடு அந்தச் சொல்லும் வந்தது. எனக்குப் பிரசவம் ஆனபோது, இவள் கெட்டி, துணைக்கு ஆள் எதற்கு என்றார்கள். என் வீட்டுக்காரர் போனபோது நான் ஒப்பாரி வைக்கவில்லை. கெட்டி நெஞ்சு, தாங்கிக்குவாள் என்று சொல்லி, வந்த சனம் மொத்தமும் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டது. மாமா கடை இருந்த இடத்தைப் பின்னால் சுனாமியில் கடல் வந்து வழித்துக்கொண்டு போனது. அப்போது மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை, நான் மட்டும் போய்ச் சேற்றில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். இத்தனைக்கும் நடுவில் என் மனசில் ஓடியது ஒன்றுதான். கீழவீதியில் அன்றைக்கு நான் அழவில்லை, அதனால்தான் அம்மா என்னை விட்டுவிட்டாள். அழுதிருந்தால் என் வாழ்க்கையே வேறு. அம்மாவுக்கு என்னைத் தெரியாது என்று எனக்கு ஒரு கோபம். அவளும் எல்லாரையும் போலத்தானே அந்தச் சொல்லை நம்பிவிட்டாள் என்று. வெளியே சொன்னதில்லை. சொன்னால் அம்மாவிடமே கோபமா என்பார்களே.

அம்மா கடைசி வருஷம் என்னோடு இருந்தாள். தங்கை, அந்தப் பூஞ்சைதான், இன்றைக்கு எங்கள் எல்லாரையும்விடத் திடமாக வயலில் ஆள் விட்டு வேலை வாங்குகிறாள், அவள்தான் காரில் கொண்டுவந்து விட்டாள். மார்கழி வந்தது. திருவாதிரை அன்றைக்குக் களி செய்தேன். அம்மாவுக்குப் பல் இல்லை, நன்றாகக் குழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டினேன். ஊட்டும்போது வாய் தானாகக் கேட்டுவிட்டது. நான் திட்டம் போட்டுக் கேட்கவில்லை.

"அன்னிக்குச் சிதம்பரத்துல நான் அழுவலன்னுதானம்மா உட்டுட்டுப் போயிட்ட?"

அம்மா வாயில் இருந்ததை மெதுவாகக் குதப்பி விழுங்கினாள். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"நீ வாயத் தொறந்தத நான் பாத்தேண்டி" என்றாள். "தொறந்தா அழுவ. நீ அழுதா எனக்குக் காலு எழும்பாது. உன்ன ஊட்டுக்கே இட்டாந்திருப்பேன். இட்டாந்து உனக்கு என்னத்தப் போடறது? அதான் களிய வச்சு அடச்சேன்."

"மாமாகிட்ட கெட்டின்னு சொன்னியே?"

"சொன்னேன். வேற என்னத்தச் சொல்லி அனுப்பறது? உன்னப் பெத்தவளுக்குத் தெரியாதா, நீ எவ்ளோ கெட்டின்னு. காது குத்தறப்ப என் தம்பி வெல்லத்தத் திணிச்சத நான் எதுக்கதான நின்னு பாத்துக்கினு இருந்தேன்."

ஸ்பூனைத் தட்டில் வைத்தேன். அவளுக்குத் தெரியும். வேப்பமரத்தடியிலேயே தெரியும், அடுப்படியில் தெரியும், கீழவீதியில் தெரியும். தெரிந்துதான் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறாள். நான் ரயிலில் அழுதேன், தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போன அவள் எங்கே அழுதாள் என்று நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

எனக்கு அழுகை ஏறிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அம்மாவின் கை பழக்கத்தில் தட்டுக்குப் போய், ஒரு வாய் களியை உருட்டியது. பிறகு என்ன நினைத்தாளோ, உருட்டியதைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். வெல்லம் ஒட்டிய அதே கையால் என் காதைத் தொட்டாள்.

"அழுவு" என்றாள். "இப்ப ஒன்னும் ரயிலுக்கு நேரமாவல."

தட்டில் களி ஆறிப்போகிற வரைக்கும் அழுதேன். அம்மா காதிலிருந்து கையை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.